பதிமூணாம் குழியில் ஒரே ஒரு முத்து

மூணாப்பு, நாலாப்புப் பிள்ளைகள் கையில் பல்லாங்குழியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் எண்ணிப் பழகுவார்கள், அவ்வளவுதான். முன்கூட்டி யோசிக்கப் பழக வேண்டுமானால், முத்தை அள்ளப் போகும் கையை நிறுத்திக் கேட்க வேண்டும். "அள்ளாத. கடைசி முத்து எங்கன விழும், சொல்லு பாப்போம்."

பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் 14 வட்டம், எதிரெதிராக ஏழேழு. குழிக்கு ஐந்தாகப் புளியமுத்து 70, தொலைவதற்கென்று ஒரு கைப்பிடி கூடுதல். புளி உடைக்கிற நாளில் நம்ம பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். குன்றிமுத்து மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, கடித்தால் விஷம். குழிகளுக்குப் பக்கத்தில் எண் எழுதுங்கள்: தன் பக்கம் இடமிருந்து வலமாக 1 முதல் 7, எதிர்ப்பக்கம் அப்படியே சுற்றிக்கொண்டு 8 முதல் 14. ஒரு பலகைக்கு ரெண்டு பேர் போதும். நாலு பேரை உட்கார வைத்தால் மூணு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

விதி வீட்டுக்கு வீடு மாறும். வகுப்புக்கு எளிதான ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அள்ளியதை அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அது வெறுங்குழியானால் அதைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு ஆட்டம் கைமாறும். ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் அதைப் பசு என்று எடுத்துக்கொள்ளும் விதியை முதல் வாரம் தொடாதீர்கள். பசு வந்துவிட்டால் கண் நாலைத்தான் தேடும், ஆட்டம் எங்கே போய் முடியும் என்பதை மறந்துவிடும்.

முதல் தவறு அநேகமாக எல்லாரிடமும் ஒன்றுபோலவே வரும். 1ஆம் குழியின் ஐந்து முத்தில் கடைசி எங்கே விழும் என்றால் "அஞ்சாம் குழி" என்பார்கள். அள்ளிய குழியையும் சேர்த்து எண்ணுவதுதான் காரணம். அந்தக் குழியை ஒரு வேப்பங்கொத்தால் மூடிவிட்டு மறுபடி எண்ணச் சொன்னால் ஆறு என்று தாமே திருத்திக்கொள்வார்கள். அஞ்சாப்புப் பிள்ளை என்றால் 13ஆம் குழியின் ஐந்து முத்துக்கு, 13உம் 5உம் 18, அதில் 14 போக 4 என்று விரல் வைக்காமலே சொல்லப் பழக்கலாம்.

கேட்டுவிட்டுப் பொறுக்க வேண்டும். 1970களில் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அது மூன்று வினாடியானபோது பதில்கள் நீண்டன, காரணமும் சேர்ந்து வந்தது. பல்லாங்குழிக்கு மூன்று வினாடி காணாது. முந்திக்கொண்டு கத்துகிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று உண்டு. விடையைச் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் காட்டட்டும்.

அடுத்த கேள்வி: தொடங்க எந்தக் குழி நல்லது? ஆளுக்கொரு குழி சொல்வார்கள். தன் பக்கத்து ஏழு குழியையும் ஆடிப் பார்க்க விடுங்கள். 1இல் தொடங்கினால் 7, 13, 5, 12 என்று அள்ளிக்கொண்டே போய், 5 வெறுங்குழியாக நிற்கும். 6இல் இருக்கும் ஏழு முத்து கிடைக்கும். எதில் தொடங்கினாலும் ஏழுதான். ஆறோ எட்டோ வந்தால் எங்கேயோ முத்துத் தவறியிருக்கிறது. பலகையில் 63 இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். ஏன் எல்லாமே ஏழு என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் சிரமம். எல்லாக் குழியிலும் அஞ்சு, சுற்றுவதும் வட்டமாக, அப்புறம் எங்கே தொடங்கினால் என்ன என்று ஒரு பிள்ளை சொல்ல ரெண்டு நாள் ஆகலாம். ஆகட்டும்.

1இல் தொடங்கிய ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, எதிராளியின் பக்கத்தைப் பாருங்கள். 8, 9, 10, 11, 14இல் ஏழேழு, 12 காலி, 13இல் ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் கை குவியலுக்குத்தான் போகும். 8ஐ அள்ளினால் சுற்றோ சுற்றென்று சுற்றி மூன்றே முத்து. 13இல் இருக்கும் ஒற்றை முத்து 14இல் விழும். அடுத்து 1இன் இரண்டு, அதன்பின் 4இன் எட்டு, 12இல் கை காலி. 13 வெறுங்குழி, 14இல் எட்டு முத்து! இதைக் கையால் ஆடிக் காட்டாமல், 14 கட்டம் போட்ட தாளில் பென்சிலால் அடித்து எழுதிக் கண்டுபிடிக்க விடுங்கள். மீதி நாலு குழிக்கும் ஆளுக்கொரு தாள்.