காட்டுப்பள்ளிக் கரையில் நரித்தடம் தேடுவது

மீஞ்சூர் ஸ்டேஷனில் இறங்கிக் காட்டுப்பள்ளிப் பக்கம் போய், அங்கிருந்து பழவேற்காட்டை நோக்கித் திரும்பினால் ஒருபுறம் கடல், மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே மணல்மேடு, சவுக்கு, ராவணன் மீசைப் புல். இங்கே நரி உண்டு. அதைவிடப் பல மடங்கு குப்பத்து நாய்களும் உண்டு. துறைமுகமும் அனல்மின் நிலையமும் நெருக்கும் இந்தக் கரையில் நரி இன்னும் நடமாடுவது மனதுக்கு நிறைவான விஷயம். அதனாலேயே நாயின் தடத்தை நரி என்று பதிந்துவிடக் கூடாது.

சூரியன் கிளம்பும் நேரத்தில் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் பள்ளமும் விளிம்பும் நிழலோடு தெரியும். உலர்ந்த மணலில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அங்கே எல்லாத் தடமும் வெறும் குழிதான். கழியோரம் ஓதம் வடிந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். ரேகை பதிந்தால் நல்ல தரை. சேறு ஆழமாக இருந்தால் நரியும் விரலை விரித்துத்தான் ஊன்றும், தடம் பெருத்து ஏமாற்றும்.

நான்கு விரல், நுனியில் நகம் என்றால் நாயினம். ஐந்து விரல் என்றால் கீரியோ மரநாயோ. நகம் பதியாமல், நடு மெத்தையின் (பாதத்தின் அடியில் உள்ள தடித்த சதைத் திண்டின்) பின்விளிம்பு மூன்று புடைப்பாக இருந்தால் பூனையினம்.

அடுத்து முன்னால் நிற்கும் இரண்டு நடுவிரல்களைக் குனிந்து பாருங்கள். நரிக்கு அந்த இரண்டு விரல் மெத்தைகளும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நாய்க்குத் தனித்தனி. நல்ல தரையில் இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மற்றவை துணைச் சான்றுகள்தான்: நரியின் தடம் ஒடுங்கி நீண்டிருக்கும், நகம் மெல்லிசாகக் கூராக விழும். நாயின் தடம் அகன்றது, ஓர விரல்கள் வெளிப்பக்கம் விரியும், நகம் மழுங்கியது.

அளவை மட்டும் நம்பாதீர்கள். நரித்தடம் சுமார் 5 செ.மீ. நீளம், ஒல்லியான குப்பத்து நாய்க்கும் அதே அளவு வரும். அளக்கும்போது நகத்தை விட்டுவிட்டு, சரிந்த விளிம்பை அல்ல, குழியின் அடித்தரையை அளக்க வேண்டும். முன்னங்கால் பின்னங்காலைவிடப் பெரியது என்பதால் ஒரே விலங்கே இரண்டு அளவு காட்டும்.

ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு செய்யாமல் இருபது தடமாவது தொடர்ந்து பாருங்கள். நரி ஒரே சீராக ஓடும். பின்னங்கால் முன்னங்கால் பதிந்த இடத்திலேயே விழுவதால் தடம் கயிறு பிடித்தாற்போல் நேராகப் போகும். நாய்க்கு வீட்டில் சோறு உண்டு, வலைக் கழிவு உண்டு. அதனால் மோந்து, வளைந்து, திரும்பி, நண்டு வளையைக் கிளறிவிட்டுத்தான் போகும். ஆனால் ஈரமான கடலோரத்தில் விரைந்து ஓடும் நாயும் நேர்கோடு போடும். அப்போது விரல் மெத்தைதான் தீர்ப்பு.

வழியில் எச்சம் கிடந்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள், கையால் தொட வேண்டாம், ஒட்டுண்ணி முட்டை இருக்கலாம். நண்டு ஓடு, எலி மயிர், இலந்தைக் கொட்டை இருந்தால் நரி என்ற பக்கம் கொஞ்சம் சாயலாம்.

தடத்தைப் பின்தொடர்வதானால் அது வந்த திசையில் போங்கள், விலங்கை விரட்டியதாக ஆகாது. அது குட்டி இருக்கும் வளையருகே கொண்டுபோனால் அங்கேயே திரும்பிவிடுங்கள். படம் எடுக்கும்போது ஸ்கேலைத் தடத்தின் பக்கத்தில், அதே மட்டத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் நாய்த்தடமும் ஒடுங்கி நரிபோல் தெரியும்.