ஒன்னுக்குப் போகவும் டோக்கன்

ராத்திரி நாலு தடவை ஒன்னுக்கு எழுந்திருப்பதை, "சுகர் இருந்தா அப்படித்தான்" என்று சொல்லியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டார் நைனா. வயது 68. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்ட அன்று இரவு ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி. குடியாத்தத்தில் கார் பிடித்து, பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அழுதே விட்டார். வேலூரில் எமர்ஜென்சியில் டியூப் போட்டதும் 900 மில்லி இறங்கியது. 400, 500 சேர்ந்தாலே நமக்கெல்லாம் முட்டும்.

மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கியிருக்கிறது. பை சுருங்கவேண்டும், அதன் வாயில் உள்ள தசை தளரவேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் நீர் பிரியும் என்றார் டாக்டர். சில சளி மாத்திரைகள் பையைச் சுருங்கவிடாது, வாயையும் இறுக்கிவிடும். புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்கள் மெடிக்கலில் அதைச் சொல்லாமல் சளி மாத்திரை வாங்காதீர்கள்.

டியூப் எடுத்தது, மாத்திரை ஆரம்பித்தது எல்லாம் சரியாகவே நடந்தது. படுத்தியது நீர் போகும் வேகத்தைப் பார்க்கும் டெஸ்ட்தான். சீட்டில் தேதி மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நைனா பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டு வந்தார். மெஷினில் 80 மில்லி. "150 இல்லாம கணக்கில சேராது. முட்ட முட்ட வரணும்னு தெரியாதா?" என்றார் கவுன்டரில் இருந்தவர். யார் சொன்னார்கள் தெரிவதற்கு? தண்ணீர் குடித்துக் காத்திருந்து எழுந்தபோது அறை பூட்டியிருந்தது.

அடுத்த முறை அடக்கிக்கொண்டே வந்தார். டோக்கன் 37, உள்ளே 19. "இன்னாடா, ஒன்னுக்குப் போறதுக்குமா டோக்கன்?" என்றவர், 31 வந்தபோது பாத்ரூமுக்கு ஓடிவிட்டார். அன்றும் வீண்.

மூன்றாம் முறை டோக்கனை முதலில் வாங்கிவிட்டு, பத்து பேர் இருக்கும்போதுதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தோம். முட்டியதும் நர்ஸிடம் சொன்னேன், அந்த அம்மா உடனே உள்ளே விட்டார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம். வாசலில் ஆள் நின்றால் நைனாவுக்கு வராது, அதனால் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நான் வராண்டா கடைசிக்குப் போய் நின்றேன்.

வெளியே வந்தவர் முகத்தில் பத்தாவது பாஸான களை.

"210டா!"