204 வந்தால் அழிந்துவிட்டதா?

"அழிச்சாச்சா ஐயா?" என்று அந்த அக்கா கேட்டார். தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என் திரையை எட்டிப் பார்த்தார். கோப்புச் சேமிப்பிலிருந்து 204 என்ற பதில் எண் வந்திருந்தது. "அழிச்சாச்சு, போய்ட்டு வாங்க," என்றார். பக்கத்தில் இருந்த நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிராணி பொய் சொல்லவில்லை. சிக்கலே அதுதான். அக்கா தோட்ட வேலையை விட்டுப் போகிறார். ஆபீசில் ஏற்றி வைத்த தம் ஐசி (அடையாள அட்டை) படம் இருக்கக்கூடாது என்பது அவர் கேட்டது. அதை வைத்து யாராவது ஆலோங்கிடம் (சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்) கடன் வாங்கிவிடுவார்களோ என்ற பயம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அந்தப் பயத்தை யாரும் சிரித்து ஒதுக்க மாட்டார்கள்.

எஸ்3 வகைச் சேமிப்பில், அதாவது இணையவழிக் கோப்புக் கிடங்கில், டிலீட் அழைப்புக்கு 204 வந்தால் "கோரிக்கை நிறைவேறியது, திருப்பித் தர உள்ளடக்கம் இல்லை" என்று மட்டுமே பொருள். அந்தக் கீ (கோப்பின் முழுப்பெயர்) இருந்ததா என்பதைக்கூட அது சொல்லாது. கீயில் ஓர் எழுத்து பிசகினாலும் அதே 204தான். பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் பெட்டி) வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயங்கும்போது, வெர்ஷன் ஐடி குறிப்பிடாமல் டிலீட் செய்தால் கோப்பு எங்கும் போகாது. அதன் மேல் 'அழிக்கப்பட்டது' என்று காட்டும் டிலீட் மார்க்கர் ஒன்று உட்காரும், அவ்வளவுதான். கோப்பைக் கேட்கும் கெட் அழைப்பைச் சாதாரணமாக அனுப்பினால் 404, அதாவது 'கிடைக்கவில்லை', வரும். பழைய வெர்ஷன் ஐடியைச் சேர்த்து அனுப்பினால் ஐசி படம் முழுசாக வரும். செக்ரோலில் (தோட்ட வருகைப் பதிவேடு) சிவப்பு மையால் அடித்த பெயர் மாதிரி, அடித்தாலும் படிக்கலாம். 204 பதிலோடு வரும் குறிப்புகளான ஹெடரிலேயே டிலீட் மார்க்கர் "ட்ரூ" என்று இருந்தது. ஹெடரை யார் பார்க்கிறார்கள்?

வெர்ஷனிங் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மறுநடவுக்குப் போன பிளாக் 1இன் குலைப் படங்களை அழிக்கச் சொன்னபோது, ஒப்பந்தக்காரரின் நிரல் "பிளாக்-1" என்ற முன்னொட்டை வைத்துத் தேடியது. கடைசியில் சாய்கோடு இல்லை. இந்தச் சேமிப்பில் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது. கீ வெறும் எழுத்துச் சரம், முன்னொட்டு அந்தச் சரத்தின் ஆரம்பம். ஆகவே பிளாக் 10 முதல் 19 வரை எல்லாமே பட்டியலில் வந்தன. ஒரு பட்டியல் அழைப்பில் 1,000 கீ வரை வரும், ஒரே டிலீட் அழைப்பில் 1,000 கீ வரை அழிக்கலாம். யாரும் கவனிக்குமுன் காரியம் முடிந்துவிட்டது. குலைக் கணக்கில் தகராறு வந்தால் கூலிக்கு அந்தப் படங்கள்தான் சாட்சி. வெர்ஷனிங் இருந்ததால், மார்க்கர்களை அவற்றின் வெர்ஷன் ஐடியோடு நீக்கியதும் படங்கள் திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் வெர்ஷனை அழிக்கும் அனுமதியைத் தோட்ட ஆபீஸின் நுழைவுச் சாவியிலிருந்து எடுத்து, தலைமையகத்தில் மட்டும் வைத்தது. சரியான முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அக்காவுக்குக் கொடுத்த பதிலைப் பொய்யாக்கியதும் அதே முடிவுதான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், லைஃப்சைக்கிள் விதி. பழையதாகிப்போன வெர்ஷன்களை 30 நாளில் நீக்கும்படி வைத்திருக்கிறோம். நாள் கணக்கு யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவை ஒட்டியது, நமக்குக் காலை 8 மணி. உண்மையில் நீக்கப்படுவது இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். எப்படியும் ஒரு மாதத்தில் போய்விடும் என்பது கணக்கு.

கணக்கு பாதிதான் சரி. வேறு வட்டாரத்தில் காப்புப் பக்கெட் ஒன்று இருக்கிறது. நகலெடுக்கும் விதியில் டிலீட் மார்க்கரைக் கடத்தும் வசதி இயக்கப்படவில்லை. வெர்ஷன் ஐடியோடு செய்யும் டிலீட்டோ எப்படியும் மறுபக்கம் போகாது. லைஃப்சைக்கிள் நீக்கமும் போகாது. ஆபத்துக் காலத்துக்கு நல்லது. ஆனால் அங்கே அக்காவின் ஐசி மார்க்கர்கூட இல்லாமல், நடப்பு வெர்ஷனாகவே இருக்கும். அங்கேயும் தனியாக அழைப்பு அனுப்ப வேண்டும்.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தரவை அழிக்க அல்லது நிரந்தரமாக நீக்க வேண்டும் என்கிறது. சம்பளத் தகராறு வரலாம், ஆகவே தேவை இன்னும் முடியவில்லை என்று ஆபீஸ் வாதாடலாம். அப்படியென்றால் அதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். "ஒரு மாசம் ஆகும் அக்கா, இன்னொரு இடத்துலயும் இருக்கு" என்று நான் வாயைத் திறந்திருந்தால், கிராணி மற்றவர்கள் முன் பொய்யர் ஆகியிருப்பார். அதுவும் ஒரு காரணம். போதுமான காரணமா என்பது வேறு.

தலைமையகத்துக்கு எழுதி, இரண்டு பக்கெட்டிலும் வெர்ஷன் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு ஐடியையும் குறிப்பிட்டு நீக்கச் சொல்லலாம். அதைச் செய்தாலும் ஒன்று மிச்சம். கோப்பின் கீயிலேயே ஐசி எண் இருக்கிறது: "ஊழியர்", சாய்கோடு, எண், ஜேபிஜி. படத்தின் வெர்ஷன்களை மட்டும் நீக்கினால் மார்க்கர் அந்தப் பெயரோடு நிற்கும், அதையும் அதன் ஐடியோடு நீக்க வேண்டும், இல்லையென்றால் அதைத் துடைக்கத் தனி விதி வேண்டும். அணுகல் பதிவுகளிலும் கீ அப்படியே எழுதப்பட்டிருக்கும். மற்ற ஊழியர்களுக்காவது பெயரை மாற்றலாம் என்றால், இந்த பக்கெட்டில் பெயர் மாற்றும் அழைப்பு இல்லை. புதிய கீக்கு நகலெடுத்து, பழையதை டிலீட் செய்ய வேண்டும். அதற்கும் 204 வரும்.