ஜப்பானியப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளை: ஏழு வருடத்தில் கற்றுக்கொண்டது

மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று: "உங்க பொண்ணு ஜப்பானியமும் இங்கிலீஷும் சேர்ந்து நடத்துற ஸ்கூல்லதான படிச்சா? நம்ம பிள்ளைங்களுக்கு அது சரிப்படுமா?" ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மூத்தவள் 2019-இல் ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய பிரெப் வகுப்பில் சேர்ந்து 2025 டிசம்பரில் ஆறாம் வகுப்பை முடித்தாள். சின்னவன் 2025-இல் அதே பள்ளியில் சேர்ந்தான். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம்.

நாங்கள் ஒன்றும் ஜப்பான் மோகத்தில் போய்ச் சேர்க்கவில்லை. குடியிருந்த வீடு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருந்தது, அவ்வளவுதான். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு எல்லை உண்டு. எல்லைக்குள் நிரந்தரமாக வசித்தால் இடம் நிச்சயம். வெளியே என்றால், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற கதைதான். 'ஃபைண்ட் மை ஸ்கூல்' என்ற அரசு இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டிவிடும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதைப் பாருங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றெல்லாம் வரும். பிரெப்பில் சேர அந்த வருடம் ஏப்ரல் 30-க்குள் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஜப்பானியம் அங்கே தனிப் பாடம் இல்லை என்பது எனக்கே மெதுவாகத்தான் புரிந்தது. வாரத்துக்கு 25 மணி நேர வகுப்பில் ஏழரை மணி நேரம் ஜப்பானியத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் மொழியை மட்டும் உட்கார்ந்து படிப்பதில்லை. அறிவியல், ஓவியம் போன்ற பாடங்களையே அந்த மொழியில் நடத்துகிறார்கள். ஆசிரியையை 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அவர் ஆங்கிலமே பேச மாட்டார். படம், சைகை, பனிக்கட்டி, வாளி என்று கையில் கிடைத்ததை வைத்துப் புரியவைப்பார்.

பனிக்கட்டி, வாளி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒன்றாம் வகுப்பில் 'நீர்' பற்றிய பாடம் நடந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அது மிசு இல்ல, ஓயு" என்றாள். ஜப்பானியத்தில் குளிர்ந்த நீருக்கு 'மிசு', சூடாகிவிட்டால் 'ஓயு', அதாவது வேறு சொல்லே வந்துவிடும். 'சூடான மிசு' என்று அங்கே சொல்வதில்லையாம். நான் சொன்னேன்: "நம்ம மொழியிலயும் அப்படித்தான்டி. தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீர் வேற, வெந்நீர் வேற." அவள் உடனே, "அப்போ நீ ஏன் சுடுதண்ணின்னு சொல்ற?" என்று கேட்டாள். பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது: இந்த மொழியில் ஓர் எழுத்து தெரியாமலேயே அவளோடு சேர்ந்து உட்கார என்னால் முடியும், தமிழ் வழியாக.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெற்றோரின் முதல் பயமே அதுதான். வீட்டில் யாருக்கும் ஜப்பானியம் தெரியாதே, யார் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூனை மீனைத் தின்றது என்பது ஜப்பானியத்தில் 'நெக்கோ கா சகானா ஓ தபெதா'. பூனை, மீன், தின்றது, அதே வரிசை. நமக்கு 'ஐ' உருபு, அவர்களுக்கு 'ஓ'. வினை கடைசியில் வரும். ஆங்கிலம் மட்டும் பேசி வளரும் பிள்ளைகள் இந்த வரிசையில் கொஞ்ச நாள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அது புதிதே இல்லை. ஜப்பானிய அறிஞர் ஓனோ சுசுமு இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று எழுதினார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது போதும், ஆறு வயதுப் பிள்ளைக்கு.

எழுத்து விஷயமும் அப்படித்தான். ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் அடிப்படை எழுத்து 46. சுவரில் ஒட்டச் சொல்லி அட்டவணை ஒன்று கொடுத்தார்கள். உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. மேலே க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பார்த்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய ஜப்பானியத்தில் ஹ இருந்த இடத்தில் ப ஒலி இருந்ததாம். அதை வைத்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் சமஸ்கிருத ஒலியியலைப் படித்ததால் வந்த வரிசை அது என்கிறார்கள். நம் நெடுங்கணக்கைத் தெரிந்த பிள்ளைக்கு இது பாதி மனப்பாடமான மாதிரி. 247 எழுத்தைப் பார்த்து மிரளாத வீட்டுக்கு 46 ஒரு கணக்கா? ஆனால் ல, ள, ழ, ர, ற எல்லாம் அங்கே ஒரே 'ர' வரிசைக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் பழத்தைப் 'பரம்' என்று கொஞ்ச நாள் சொன்னது அதனாலா, வயதினாலா தெரியவில்லை. தானாகவே சரியாகிவிட்டது.

இப்போது பள்ளியின் செய்தி மடலுக்கு வருகிறேன். முதல் இரண்டு வருடம் அதில் என் பெண் இருக்கும் படம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அது தவறு. படங்களில் எப்போதும் ஜப்பான்தான் இருக்கும்: மே மாதம் பறக்கும் கெண்டைமீன் கொடிகள், சிவப்பு அணி வெள்ளை அணி என்று பிரிந்து நடக்கும் விளையாட்டு விழா, பிள்ளைகளே துடைப்பமும் துணியுமாக வகுப்பைச் சுத்தம் செய்யும் 'ஓசோஜி'. இதையெல்லாம் பார்த்துப் பள்ளியின் முழுக் கவனமும் ஜப்பானியத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வருடத் தொடக்கத்தில் தலைமையாசிரியர் எழுதும் வறட்டுப் பத்தி ஒன்று இருக்குமே, படமே இல்லாமல், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியும் நான்கு வருடத்துக்கு ஒரு திட்டமும், அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு செயல்திட்டமும் போடும். அந்த வருடத்தின் முன்னுரிமைகள் அதில் இருக்கும். எங்கள் பள்ளியில் பெரும்பாலும் ஆங்கில வாசிப்பு, கணக்கு, பிள்ளைகளின் மனநலம் என்ற மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஏழரை மணி நேரம் ஜப்பானியத்துக்குப் போவதால் ஆங்கிலத்துக்கு எங்கே நேரம் குறைகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பத்தியைப் படித்தால் வீட்டில் எதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும் என்று நமக்கும் தெரிந்துவிடும்.

நான் அதைப் படிக்காமல் விட்டதன் விளைவு மூன்றாம் வகுப்பு நாப்ளான் தேர்வில் தெரிந்தது. நாப்ளான் என்பது 3, 5, 7, 9 வகுப்புகளுக்கு நாடு முழுவதும் நடக்கும் தேர்வு. வாசிப்பு, எழுத்து, மொழி மரபு, கணக்கு ஆகியவை மட்டுமே. ஜப்பானியம் கிடையாது. 2022 மே மாதம் எழுதினாள். கணக்கு நன்றாக வந்தது, ஆங்கில எழுத்துப்பிழைப் பகுதி மட்டும் நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே இருந்தது. பள்ளி மீது கோபம் வந்தது. அப்புறம் வீட்டை யோசித்துப் பார்த்தேன். மாலையெல்லாம் ஹிரகானா அட்டையும் தமிழ் வீட்டுப்பாடமுமாக ஓட்டிவிட்டு, ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று விட்டிருந்தது நான்தான்.

அதற்குப் பிறகு செய்தது ஒரே காரியம். பயிற்சிப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. தினமும் இரவு இருபது நிமிடம் ஆங்கிலக் கதைப்புத்தகம், அவள் சத்தமாக வாசிக்க, நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நூலகம். நாப்ளான் 2023 முதல் மார்ச் மாதத்துக்கு மாறிவிட்டது என்பதால், பள்ளி திறந்து ஆறேழு வாரத்தில் தேர்வு வந்துவிடும். பிப்ரவரியில் உட்கார்ந்து உருப்போட நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. திரை எப்படி இருக்கும், எங்கே அழுத்த வேண்டும் என்பதற்கு மட்டும் நாப்ளானின் மாதிரித் தளத்தில் ஒரு முறை உட்கார வையுங்கள். மூன்றாம் வகுப்புக்குக் கட்டுரை எழுதும் பகுதி மட்டும் இன்னும் தாளில்தான். 2024 மார்ச்சில் ஐந்தாம் வகுப்புத் தேர்வை எழுதியபோது எழுத்துப்பிழை ஒரு பிரச்சினையாகவே இல்லை.

நடுவில் கொரோனா காலம். மெல்பர்ன் ஆறு தடவை ஊரடங்கில் கிடந்தது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பல வாரங்கள் சாப்பாட்டு மேசையில்தான் ஓடின. ஜப்பானியம் அடியோடு போய்விடும் என்று நினைத்தேன். சென்செய் அனுப்பிய சின்னச் சின்னக் காணொளிகளை அவள் பத்து தடவை போட்டுப் பார்ப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்ததில் எனக்கே நூறு வரை எண்ண வந்துவிட்டது. அதுவும் சுலபம்தான், பத்து ஒன்று, பத்து இரண்டு, இரண்டு பத்து என்று போகும்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூலை 7 அன்று ஜப்பானில் தனபதா விழா. வண்ணத் தாளில் ஆசையை எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். இங்கே அந்தத் தேதி பள்ளி விடுமுறையில் விழுவதால் 2021-இல் ஜூன் கடைசியிலேயே கொண்டாடினார்கள். நாட்டின் எல்லை மூடியிருந்த நேரம், ஊருக்குப் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் எழுதியது 'ஒபச்சான் நி ஐதை'. பாட்டியைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். ஆனால் 'ஒபச்சான்' என்றால் அத்தை. 'ஒபாச்சான்' என்றால்தான் பாட்டி. சென்செய் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, "கால் போட மறந்துட்டியா?" என்றேன். துணைக்கால் இல்லாமல் 'படம்' எழுதிப் 'பாடம்' என்று வாசிப்பவள்தான் அவள். குறில் நெடில் இரண்டு மொழிக்கும் உயிர் மாதிரி என்று அன்றைக்கு ஒரே பாடத்தில் முடிந்தது. வீடியோ அழைப்பில் பாட்டியிடம் காட்டினாள். திருநெல்வேலியில் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, கண் மட்டும் கலங்கியது. அந்த அம்மாதான் இன்னொரு தடவை, ஜப்பானியச் சித்திர எழுத்தைப் பற்றி, "பிள்ளை காஞ்சி படிக்கிறா" என்று நான் சொன்னதை, "ஏன், உடம்பு சரியில்லையா, கஞ்சி குடிக்கிறா?" என்று கேட்டவர்.

காஞ்சி என்னும் சித்திர எழுத்து விஷயத்தில் பெற்றோர் வீணாகக் கவலைப்படுவார்கள். ஜப்பானில் ஒன்றாம் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, ஆறாம் வகுப்பு முடிக்கும்போது மொத்தம் 1,026 எழுத்துகள். இந்தப் பள்ளியில் அந்தக் கணக்கு இல்லை, இருக்கவும் முடியாது. வாரத்தில் ஏழரை மணி நேரம் படிக்கும் பிள்ளையை அந்த நாட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் பிள்ளைக்குத்தான் கஷ்டம். வகுப்பில் ஜப்பானியப் பெற்றோரின் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டில் அதே மொழி. அவர்கள் சரளமாகப் பேசுவதைப் பார்த்து உங்கள் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதல் இரண்டு வருடம் மூத்தவள் ஜப்பானியத்தில் வாயே திறக்கவில்லை. சொன்னதெல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். இரண்டாம் வகுப்பில் திடீரென்று பேச ஆரம்பித்தாள்.

சின்னவன் காலத்தில் பேச்சே வேறு. 2025-லிருந்து விக்டோரியா அரசுப் பள்ளிகளில் பிரெப் முதல் இரண்டாம் வகுப்பு வரை ஒலியை எழுத்தோடு இணைத்துப் படிக்கும் 'ஃபோனிக்ஸ்' முறையை, தினம் 25 நிமிடமாவது, கொண்டுவருகிறார்கள். அந்த வருடச் செய்தி மடல் முழுக்க அதுதான். ஜப்பானிய நேரத்தில் கைவைப்பார்களோ என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரே சலசலப்பு. எங்கள் பள்ளியில் காலையில் இருக்கும் ஆங்கில நேரத்துக்குள்ளேயே அதை வைத்துவிட்டார்கள். என் கண்ணில் பட்டது இதுதான்: ஹிரகானாவும் தமிழும் பெரும்பாலும் எழுதியபடி வாசிக்கும் எழுத்துகள். அதில் பழகிய பிள்ளைக்கு 'ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி' என்ற யோசனை சீக்கிரம் பிடிபடுகிறது. ஆங்கிலம் அந்த விதியை எங்கெல்லாம் மீறுகிறதோ அங்கே மட்டும் அவனுக்குக் கோபம் வருகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு இது எங்கே போகிறது என்று நாங்கள் முன்கூட்டியே கேட்கவில்லை. எல்லைக்கு உட்பட்ட உயர்நிலைப் பள்ளியில் ஜப்பானியம் இருந்தாலும், ஏழாம் வகுப்பு புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வகுப்பாகவே இருக்கலாம். ஏழு வருடம் படித்த பிள்ளை மறுபடியும் 'கொன்னிச்சிவா'விலிருந்து உட்கார வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளிக்குப் போன் போட்டு, முன்பே படித்த பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். நாங்கள் ஆறாம் வகுப்பு மே மாதத்தில் அலைந்தோம்.

சேர்க்கும் முன் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போவீர்கள். தலைமையாசிரியர் நன்றாகத்தான் பேசுவார், அது அவர் வேலை. கூடவே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வழிகாட்ட வருவார்கள். நைசாக அவர்களிடம், நேற்று மதியம் வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று சென்செய்யிடம் ஜப்பானியத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.