மண்டபத்துப் பியானோவும் சோலிங்கன் கிற்றாரும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி இந்த முறையும் தொலைபேசி எடுத்து, "அண்ணை, எதையாவது எழுதித் தாங்கோ, பிக் மச் பற்றியெண்டாலும் பரவாயில்லை" என்று கேட்டார். பிக் மச் பற்றிப் போன மலரிலேயே நாலு கட்டுரை, நாலிலும் அதே கடைசி ஓவர், அடித்த ஆள் மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை வேறு. எனவே நான் ஒரு ஜேர்மன் ஹெவி மெற்றல் அல்பத்தைப் பற்றி எழுதப்போகிறேன். பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நம் மண்டபத்துப் பியானோவும் இதில் வருகிறது.

மேடையின் இடது மூலையில், சாயம் போன பச்சைத் துணி போர்த்திக்கொண்டு ஒரு பியானோ நின்றதே, நினைவிருக்கிறதா? பிந்தி வந்த குற்றத்துக்காகப் பள்ளி முடிந்தபின் கதிரை அடுக்க அனுப்பப்படுகிற கூட்டத்தில் நான் நிரந்தர உறுப்பினர். அந்த நேரத்தில்தான் மேலைத்தேய சங்கீத ரீச்சர் வந்து, துணியை மடித்து வைத்துவிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று பார்க்காமல் வாசிப்பார். பெரும்பாலும் ஒரே மெட்டுத்தான். பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸே' என்று அப்போது எனக்குத் தெரியாது. அதன் தொடக்கம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் ஒரு கறுப்புக் கட்டைக்கும் இடையில் போய்ப்போய் வரும். நம் பியானோவில் செத்துப்போயிருந்தது சரியாக அந்தக் கறுப்புக் கட்டைதான். அழுத்தினால் நாதம் வராது, மரத்தில் மரம் படுகிற 'டொக்' மட்டும் வரும். ஆக, நான் மனப்பாடம் செய்த பீத்தோவன் டிங் டொக் டிங் டொக் டிங் என்றுதான் தொடங்குவார். அது பழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இனி ஜேர்மனிக்கு வருவோம். 1985இல் கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸவில் ரயிலேறி, மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த எல்லையை எல்லை என்றே மேற்கு ஜேர்மனி ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் இல்லை, நம்மவர்களுக்கு அதுவே வாசல். பிறகு முகாம், பிறகு இன்னொரு முகாம். இதையெல்லாம் நம் மலரில் பலர் எழுதிவிட்டார்கள். 1987இல் வேலை அனுமதியோடு வூப்பெற்றாலில் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவப் போனேன். முதலாளி மணித்தியாலத்தைக் குறைத்து எழுதுகிற மனிதர், அதையும் விடுவோம்.

அங்கே சமையலில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்த பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன். பக்கத்து ஊரான சோலிங்கனில் இருந்து வருவான். ஊர்ப்பெயரைச் சொன்னதும் எனக்குத் துள்ளியது, ஏனென்றால் அப்பாவின் சவரக்கத்தியில் அந்தப் பெயர் குத்தியிருந்தது. சோலிங்கனில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 1938இலேயே சட்டம் வந்துவிட்டதாம். உன் ஊர்க் கத்தியால்தான் என் அப்பா முகம் வழித்தார் என்று என் அரைகுறை ஜேர்மனில் சொன்னேன். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. "எங்கள் ஊரில் அதைவிடக் கூரான சாமான் ஒன்று இருக்கு" என்று சொல்லி, கழுவுதொட்டிக்கு மேல் தட்டில் இருந்த ரேப் றெக்கோடரில் ஒரு கசெற்றைப் போட்டான்.

அக்செப்ற் என்ற குழு. அல்பத்தின் பெயர் 'மெற்றல் ஹார்ட்', 1985இல் வந்தது. முதற் பாட்டின் பெயரும் அதுதான். தொடக்கத்தில் கிற்றார் ஒரு சோகமான அணிநடை மெட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு வருகிறது. அது சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்லாவ் அணிநடை' என்று பின்னால்தான் அறிந்தேன். அது முடியப் பாடகர் ஊடோ டிர்க்ஷ்னைடர் வாயைத் திறக்கிறார். அந்தக் குரலை எப்படிச் சொல்வது? சாணைக்கல்லில் கத்தி பிடிக்கும்போது வருமே ஒரு சத்தம், அதற்குச் சொற்களைக் கொடுத்த மாதிரி. ஆள் கட்டை, மேடையில் இராணுவக் காற்சட்டை. எனக்கு முதல் இரண்டு நிமிடம் தலையிடித்தது, உண்மையைச் சொன்னால் என்ன.

அப்புறம் பாட்டின் நடுவில் வொல்ஃப் ஹொஃப்மன் தனியாகக் கிற்றார் வாசிக்கத் தொடங்குகிறார், அதற்குள்ளிருந்து எழும்பி வருகிறது நம் மண்டபத்து மெட்டு. ஈரக் கையோடு அப்படியே நின்றேன். வெளிநாட்டில் முதன்முதலாக எனக்குத் தெரிந்த ஏதோ ஒன்று என்னைத் தேடி வந்திருக்கிறது, அதுவும் இந்தக் கூச்சலுக்குள். ஆனால் ஏதோ பிழைபோலவும் பட்டது. டொக் இல்லை! அந்த இடத்தில் முழுதாக ஒரு நாதம் வந்து நின்றது. "உங்கட ஆள் பிழையாக வாசிக்கிறான்" என்று அந்தப் பெடியனிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பீத்தோவன் பிறந்த பொன் (Bonn) நகரம் அங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டம், யாழ்ப்பாணத்தான் ஒருவன் வந்து திருத்துகிறான் என்றால் அவன் பார்க்காமல் என்ன செய்வான்.

அன்றிரவு அறைக்குப் போய்க் கட்டிலில் கிடந்தபடி விரலால் தலைமாட்டுப் பலகையில் தட்டிப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது, பிழை பியானோவில். ரீச்சர் ஒவ்வொரு நாளும் வராத நாதத்தை மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் வாசித்திருக்கிறார்.

பாட்டுக்கு வார்த்தை ஆங்கிலம். பெடியனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, எனக்கு நம் கல்லூரி தந்த ஆங்கிலம் இருந்தது. ஆகவே ஜேர்மன்காரர் பாடியதை ஜேர்மன்காரனுக்கு நான் விளங்கப்படுத்தினேன். 1999இல் மனிதருக்கு இரும்பு இதயம் வரப்போகிறது என்பதுதான் கதை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உயிரியல் சேர் நினைவுக்கு வந்தார். 1982 டிசம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்னி கிளார்க் என்ற பல் வைத்தியருக்குச் செயற்கை இதயம் பூட்டினார்கள். தை மாதம் பள்ளி தொடங்கியதும் சேர் கரும்பலகை நிறைய இதயம் வரைந்து, இரண்டு குழாய் வெளியே வருகிற மாதிரிக் கோடு இழுத்து, பெரிய காற்றழுத்த இயந்திரம் ஒன்று கட்டிலடியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னார். "கரண்ட் நிண்டால் என்ன சேர் நடக்கும்?" என்று பின்வாங்கில் இருந்து கேட்டது யார் என்று இதை வாசிக்கிற அவருக்கே தெரியும். கிளார்க் 112 நாள் உயிரோடிருந்தார். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் அவரைப் பற்றிப் பேசவில்லை.

அல்பத்தைச் செய்து முடித்தவர் தயாரிப்பாளர் டீற்றர் டியர்க்ஸ். கொல்ன் நகருக்கு வெளியே ஸ்ரொம்மெல்ன் என்ற கிராமத்தில் அவருடைய ஸ்ரூடியோ, ஸ்கோர்ப்பியன்ஸ் குழுவும் அங்கேதான் ஒலிப்பதிவு செய்தது. இதற்கு முந்திய அல்பத்தை அக்செப்ற் தாங்களே தயாரித்தார்கள். டியர்க்ஸ் வந்ததும் எல்லாம் துடைத்து மினுக்கினதுபோல் ஆகிவிட்டது, அமெரிக்க வானொலிக்குக் கண் வைத்தது கேட்கும்போதே தெரியும். அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கும், கழுவுகிறவனுக்கு மினுக்கம் பிடிக்காமல் போகுமா? மொத்தம் பத்துப் பாட்டு. 'மிட்நைற் மூவர்' நல்ல துள்ளல். அதன் வீடியோவில் ஆட்களைச் சுற்றிவரப் பல கமராக்களை வைத்து எடுத்து உலகத்தையே சுழற்றிக் காட்டினார்கள், பிற்காலத்தில் ஹொலிவூட் படம் ஒன்று அந்த மாதிரி வித்தைக்குப் பெயரெடுத்தது. இரண்டாம் பக்கத்தில் 'ரீச் அஸ் ரு சேர்வைவ்' என்ற பாட்டில் பேஸ் கிற்றார் திடீரென ஜாஸ் காரர்போல் நடைபோடும். கசெற்றில் மிச்சம் இரண்டொரு பாட்டு இடம் நிரப்பத்தான், மனச்சாட்சியோடு சொல்கிறேன். 'பவுண்ட் ரு ஃபெயில்' கடைசிப் பாட்டு. எல்லாரும் சேர்ந்து கோயிற் பாடகர்போல் முழங்கி முடிப்பார்கள். அது ஓடும் நேரம்தான் நான் பெரிய தாச்சிகளைத் தேய்ப்பது.

அதே 1987இல் ஊடோ குழுவை விட்டு விலகினார். பெடியன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான், சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டான். அந்தக் கசெற் கடைசியில் குசினி ஆவி பட்டு இழுபட ஆரம்பித்து, ஒருநாள் றெக்கோடர் அதை மென்று தின்றுவிட்டது. பென்சிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றி எடுத்துப் பார்த்தோம். ஃபூர் எலீஸே வருகிற இடத்தில் நாடா கசங்கி, அந்த நாதம் விழுங்கப்பட்டிருந்தது. நான் சிரித்தேன். அவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, விளங்கப்படுத்த எனக்கு ஜேர்மன் போதவில்லை.

ஹொஃப்மன் 1997இல் பழைய செவ்வியல் இசையைக் கிற்றாரில் வாசித்துத் தனி அல்பமே போட்டார். வாங்கி வைத்திருக்கிறேன். என் மகன் இங்கே பியானோ பழகியபோது அதே மெட்டு வீட்டில் மாதக்கணக்கில் ஓடியது. அவன் வாசிக்க நான் குசினியில் நின்று என்னை அறியாமல் "டொக்" என்பேன். "அப்பா, ப்ளீஸ்" என்பான்.

2016இல் ஊருக்குப் போனபோது நம் மண்டபத்தையும் எட்டிப் பார்த்தேன். புதுப் பெயின்ற், புதுத் திரை, பிளாஸ்ரிக் கதிரைகள். பியானோ இல்லை. அது எங்கே போனது என்று யாருக்காவது தெரிந்தால் மலர்க்குழுத் தம்பியிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

வெளியே வந்து மதிலோரம் நிழலில் நின்றேன். ஒழுங்கை முடக்கில் இருந்து கீச்சுக் குரலில் ஃபூர் எலீஸே வந்தது. பாண் விற்கிற ஓட்டோ. சின்ன ஒலிபெருக்கியில், உள்ளே மின்னட்டை வைத்த வாழ்த்துமடல் பாடுமே, அந்தச் சத்தத்தில். ஒரு நாதமும் குறையவில்லை. கையைக் காட்டி நிறுத்தி இரண்டு சீனிப் பணிஸ் வாங்கினேன். காசைக் கொடுக்கும்போது, "இது என்ன பாட்டு தம்பி?" என்று கேட்டேன்.

"இதோ ஐயா? பாண் பாட்டு" என்றான்.