எரிமலைத் தீவில் ஒரு பகல்: நாற்பது பேரைப் பேருந்தில் அழைத்துப் போகும் வேலை

மொரீஷியஸில் தெற்குச் சுற்று என்று சொல்லும் அந்த ஒரு நாளில், கியூர்பிப் ஊரின் மேட்டில் பேருந்து நிற்கும். த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயின் விளிம்பு அது. இறங்கி எட்டிப் பார்க்கிறவர்களுக்குக் கீழே மரங்கள்தான் தெரியும். அடியில் சேறும் கொஞ்சம் தண்ணீரும். "எரிமலை எங்கீங்க?" என்று கோபியிலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ வந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். "பொகை வருமுங்களா?" என்று பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும். அந்த இடத்தில் நின்றுகொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். பாதிப் பேர் செல்ஃபி எடுக்கப் போயிருப்பார்கள். மீதிப் பேர் ஏமாந்த முகத்தோடு பேருந்தைப் பார்த்து நடந்துகொண்டிருப்பார்கள்.

டூர் மேனேஜரின் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரியது இதுதான்: ஓர் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அந்த இடத்துக்குப் போகும் முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும். கடலும் அருவியும் பார்த்த மாத்திரத்தில் மனசில் நிற்கும். அணைந்து குளிர்ந்த எரிமலை அப்படியல்ல. சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும்.

கொங்கு நாட்டு ஆட்களிடம் சொல்வது ஒரு வகையில் சுலபம். மண்ணும் கல்லும் அவர்களுக்குப் புதிதல்ல. கிணறு வெட்டியவர்கள், போர் போட்டவர்கள், எத்தனை அடியில் பாறை வந்தது என்று வருஷக் கணக்காகப் பேசுகிறவர்கள். கோவையிலிருந்து ஷீரடிக்குப் போய்வந்தவர்களும் எந்தக் குழுவிலும் பாதிப் பேராவது இருப்பார்கள். அப்படியே எல்லோராவையும் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து தொடங்கலாம். எல்லோராக் குகைகளைக் குடைந்த கறுப்புக் கல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து இறுகியது. பூமிக்குள் அதைக் கக்கிய வெப்பப் புள்ளி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேலே இருக்கும் நிலத்தட்டுதான் வடக்கே நகர்ந்துகொண்டே வந்தது. லட்சத்தீவுகளும் மாலத்தீவுகளும் அந்த வழித்தடத்தில் உருவானவை. மொரீஷியஸ் எண்பது, தொண்ணூறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு மேலே வந்தது. அந்தப் புள்ளி இப்போது தென்மேற்கே சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பிதோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றைக்கும் பொங்குகிறது. மொரீஷியஸில் மனிதர்கள் குடியேறும் முன்பே எல்லாம் அடங்கிவிட்டது. நம் பக்கத்துப் பாறைகளோ இருநூறு, இருநூற்றைம்பது கோடி ஆண்டுப் பழசு. அவற்றோடு வைத்துப் பார்த்தால் மொரீஷியஸ் நேற்றுப் பிறந்த நிலம். இதைத் தமிழில் நிதானமாகச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். சொல்லிவிட்டால் விளிம்பில் நிற்கும்போது கேள்வி மாறிவிடும். "இந்தக் குழி எத்தனை ஆழமுங்க?" என்று கேட்பார்கள். எண்பது மீட்டருக்கு மேல். குறுக்கே முந்நூறு மீட்டருக்கு மேல். சுற்றி வரும் சாலை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் என்பதால், நடக்க முடிந்தவர்களை ஒரு சுற்று அனுப்பலாம்.

அங்கேயே ஒரு கல்லைக் கையில் எடுத்துக் கொடுப்பது நல்லது. கறுப்பாக, கனமாக, மேலெல்லாம் மிளகளவு ஓட்டைகளோடு இருக்கும். குழம்பு இறுகும்போது உள்ளிருந்த வாயுக் குமிழிகள் விட்டுப்போன இடம் அந்த ஓட்டை. விரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு அடுத்த நாள் முழுக்க ஹோட்டல் சுவரிலும் கோயில் படியிலும் அதே கல் தெரிய ஆரம்பித்துவிடும். பார்த்துவிட்டுக் கல்லை அங்கேயே போட்டுவிடச் சொல்ல வேண்டும்.

இனி நேரக் கணக்கு. மொரீஷியஸ் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். இதனால் இரண்டு விஷயம் நடக்கிறது. ஊரில் ஐந்தரைக்கு எழுந்து பழகியவர்கள் அங்கே நான்கு மணிக்கே விழித்து, குளித்து, ஐந்துக்கு லாபியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஹோட்டலில் காலை உணவோ ஏழு மணிக்குத்தான். முந்தின நாளே பேசி ஆறரைக்குத் திறக்க வைத்தால் ஏழரைக்குக் கிளம்பிவிடலாம். இன்னொன்று சர்க்கரைக்காரர்கள். அங்கே ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் உடம்புக்கு அது இரண்டரை மணி. மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குப் பதினொரு மணிவாக்கில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். காலையில் பேருந்து ஏறும்போதே பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும். கேட்கிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் கூச்சத்தில் பாதிப் பேர் கேட்கமாட்டார்கள்.

வடக்கே கிராண்ட் பே பக்கம் தங்கியிருந்தால் கியூர்பிப்புக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். தலைநகர் போர்ட் லூயியைக் கடக்க வேண்டும். அலுவலக நேரத்தில் அந்தச் சாலை நெரியும். ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு எரிமலை வாய். எட்டேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பதே முக்கால் என்று நினைக்க வேண்டாம், பத்தைத் தாண்டும். காலையில் இழந்த அரை மணி நேரத்தை மாலையில் எங்கேயும் பிடிக்க முடியாது.

பலர் கணக்கில் சேர்க்க மறப்பது இறங்கி ஏறும் நேரத்தை. ஒரே கதவுள்ள பேருந்தில் நாற்பது பேர் இறங்க ஆறு நிமிஷம், ஏறி உட்கார்ந்து எண்ணி முடிக்க ஏழெட்டு நிமிஷம். ஐந்து இடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் படிக்கட்டிலேயே போய்விடுகிறது. கழிப்பறை அதைவிடக் கணக்கானது. இருபத்திரண்டு பெண்கள், இரண்டு அறை, ஆளுக்கு இரண்டு நிமிஷம்: இருபத்திரண்டு நிமிஷம். அதனால் 'இருபது நிமிஷ நிறுத்தம்' என்று நிரலில் எழுதியிருக்கும் இடத்தில் பெண்கள் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். இதைக் கவனிக்காத நிரலை ஆண்கள்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கழிப்பறை அதிகம் உள்ள இடத்தை முதல் நிறுத்தமாக வைத்துக்கொள்வதும், சாப்பாட்டுக் கடையில் ஆண்கள் பக்கத்தையும் பத்து நிமிஷம் பெண்களுக்கு விடச் சொல்வதும் வேலைக்கு உதவும்.

தலை எண்ணும்போது ஆளாளாக எண்ணினால் பிசகும். யாராவது குனிந்து பை எடுப்பார், யாராவது இடம் மாறியிருப்பார். காலி இருக்கையை எண்ண வேண்டும். நாற்பத்தைந்து இருக்கையில் நாற்பது பேர் என்றால் காலி ஐந்து. அதோடு, "உங்க பக்கத்துல உட்கார்ந்தவங்க வந்துட்டாங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டால் போதும்.

எரிமலை வாயிலிருந்து அரை மணியில் கங்கா தலாவ். இதுவும் எரிமலை வாய்தான்; தண்ணீர் நிறைந்து ஏரியானது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 550 மீட்டர். கடற்கரை ஹோட்டலில் வியர்த்தவர்கள் இங்கே வந்ததும் நடுங்குவார்கள். ஐந்து டிகிரியாவது குறைவு, தூறலும் காற்றும் சேர்ந்தால் சேலைத் தலைப்பு போதாது. குடை காற்றில் மடங்கிவிடும். மெல்லிய மழைக்கோட்டுதான் சரி. இதைக் கோவையில் நடக்கும் பயணத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். 'தீவு, வெயில்' என்று மனசில் வைத்தவர்கள் ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.

33 மீட்டர் உயரச் சிவன் சிலை தூரத்திலிருந்தே தெரியும். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஏரிக்கரைக் கோயில் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூட்டுவலிக்காரர்களை நடக்க விடாமல் ஓட்டுநரிடம் பேசி ஏரிப்பக்கம் இறக்கிவிட வேண்டும். கொங்குக் குழுக்களுக்கு இங்கே முப்பது நிமிஷம் பற்றாது, ஐம்பது கொடுங்கள். தேங்காய் உடைப்பார்கள், நீரைத் தலையில் தெளித்துக்கொள்வார்கள், அதில் அவசரப்படுத்தினால் அந்த நாளே கெட்டுவிடும். ஈரப் படியில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். குரங்குகள் வாழைப்பழத்தையும் பிளாஸ்டிக் பையையும் குறிவைக்கும். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் தீவெங்கும் இருந்து மக்கள் காவடி சுமந்து நடந்தே வருவார்கள். அப்போது பேருந்தோடு இந்தச் சுற்றை வைக்கவே கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயமும் உண்டு. எச்சரிக்கை நான்கு நிலைகளாக வரும். மூன்றாம் நிலை அறிவித்தால் அன்றைய சுற்றை ரத்து செய்துவிட்டு ஹோட்டலுக்குள் இருக்க வேண்டியதுதான். பேரம் பேச அதில் இடமில்லை.

அருவியும் ஏழு நிற மண்ணும் உள்ள சாமரேல் ஊருக்குப் போகும் வழியில் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு சின்ன நிறுத்தம், மேகம் இல்லையென்றால் மட்டும்.

அடுத்து வரும் வளைவுகள்தான் கஷ்டம். சாமரேலிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு இறங்கும் சாலை வால்பாறைக்காரர்களுக்குப் பழக்கமானது, மற்றவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் உள்ள இருக்கைகளில் ஆட்டம் அதிகம். வாந்தி வராமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இறக்கத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட வேண்டும். தலை சுற்றிய பிறகு சாப்பிட்டுப் பயன் குறைவு. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஏழு நிற மண்ணையும் அருவியையும் பார்த்துவிட்டுக் கடைசியில் சாப்பிட்டு, வயிறு நிறைந்ததும் வளைவில் இறக்குகிறார்கள். முதலில் சாப்பாடு, பிறகு ஒன்றரை மணி நேரம் அருவியும் மண்ணும் என்று நடக்க விட்டு, அதன் பின் இறக்கினால் வாந்திக்குப் பை கேட்பவர்கள் மிகவும் குறைந்துவிடுவார்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு "வெஜ்" என்று மட்டும் சொன்னால் போதாது. பார்வைக்குச் சைவமாக இருக்கும் நூடுல்ஸிலும் ஃபிரைடு ரைஸிலும் மீன் சாஸ், சிப்பி சாஸ் சேர்ந்திருக்கலாம். மீன், முட்டை, சாஸ் மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி முந்தின நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். தட்டில் சோறும் பருப்பும் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு குறை இருக்காது.

சாமரேல் அருவியின் எதிர்ப்புறம் நின்று பார்த்தால் நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த செங்குத்துச் சுவர். தண்ணீரை மட்டும் பார்க்காமல் அந்தச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய கிணற்றின் உள்சுவரில் மண்ணும் கல்லும் அடுக்கடுக்காகத் தெரிவதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து இறுகிய குழம்பு அடுக்குகள் அதில் தெரியும். விவசாயிகள் இங்கே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். கைடு வாயை மூடிக்கொள்ளலாம்.

ஏழு நிற மண்ணும் அதே கல்தான். மழையும் வெப்பமும் அந்தக் கறுப்புக் கல்லைக் களிமண்ணாக்கி, கரையக்கூடியதைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. இரும்பு சிவப்பையும் பழுப்பையும் கொடுக்கிறது, அலுமினியம் நீலத்தையும் ஊதாவையும். சத்தெல்லாம் போய்விட்டதால் செடி முளைப்பதில்லை. வெயில் இருந்தால்தான் நிறம் எழும். மேகம் மூடினால் எல்லாம் ஒரே பழுப்பு. பத்து நிமிஷம் காத்திருந்தால் மேகம் விலக வாய்ப்பு உண்டு, அந்தப் பத்து நிமிஷத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது என்றால், கடையிலிருந்து. கியூர்பிப் பக்கம் கப்பல் பொம்மைக் கடைகளில் நாற்பத்தைந்து நிமிஷம் நிறுத்துவது பல நிரல்களில் உண்டு. கமிஷன் யாருக்கு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேலைப்பாடு அருமையாகவே இருக்கும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக் கப்பலை விமானத்தில் பொள்ளாச்சிவரை உடையாமல் கொண்டுவருவது யார்? ஒரே ஒரு கடை, இருபது நிமிஷம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, உள்ளூர் ஏஜென்ட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நேர்மையான வழி.

மைக் பிடிப்பதிலும் கணக்கு உண்டு. உள்ளூர் கைடு ஆங்கிலத்தில் சொல்ல, நாம் தமிழில் சொல்ல வேண்டும். அவர் இரண்டு வாக்கியம் சொன்னால் நமக்கு ஒன்று போதும். பேருந்து மணிக்கு அறுபதில் போகும்போது இருநூறு மீட்டரைக் கடக்கப் பன்னிரண்டே விநாடி. அரை கிலோமீட்டர் முன்பே "வலது பக்கம் பாருங்க" என்று சொன்னால்தான் நாற்பது தலையும் திரும்பும். கரும்புக் காட்டில் கறுப்புக் கற்களைக் கோபுரம்போல் அடுக்கியிருப்பதைக் கட்டாயம் காட்ட வேண்டும். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு, நிலத்தைப் பண்படுத்தக் கையால் பொறுக்கி அடுக்கிய கற்கள் அவை. கல் பொறுக்கிக் காடு திருத்திய குடும்பத்தில் வந்தவர்களுக்கு அது எத்தனை பேர், எத்தனை பாடு என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் ஓட்டுநரை வேகம் குறைக்கச் சொல்லுங்கள்.

தென்மேற்குக் கடலோரத்து லெ மோர்ன் மலையை மூன்றரை மணிக்குள் பார்த்து முடித்துவிட்டால் ஆறு மணிக்குக் கிராண்ட் பே. திரும்பும் வழியில் மைக்கை அணைத்துவிடலாம், பெரும்பாலோர் தூங்கிவிடுவார்கள். ஆனால் டூர் மேனேஜர் தூங்கக் கூடாது. மறுநாள் பிக்கப் நேரம், ஓட்டுநர் பெயர், வண்டி எண் ஆகியவற்றை ஏஜென்ட்டிடம் உறுதி செய்து, ஹோட்டல் வாசலில் இறங்கும்போதே ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி, அறை எண் பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸாப்பில் போட்டது போதும் என்று விட்டால், காலையில் நான்கு மணியிலிருந்தே அறைத் தொலைபேசி அடிக்கும்.