நீர்க்கடுப்பு என்று நினைத்திருந்த நான்கு மாதங்கள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் நீர்க்கடுப்பு என்றால் முதல் வைத்தியம் நெருஞ்சில் கஷாயம்தான். சித்திரை வெயிலில் வயலில் நின்றுவிட்டு வந்த பெரியப்பாவுக்கு எரிச்சல் கண்டபோது, உடம்புச் சூடு என்று சொல்லிப் பெரியம்மா அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தார். அதில் அடங்காமல் மருத்துவரிடம் போனோம். ஆன்டிபயாடிக் சாப்பிடும்வரை நன்றாக இருக்கும், நிறுத்திய சில நாட்களில் திரும்ப வரும். நான்கு மாதங்களில் நான்கு முறை இப்படியே ஆயிற்று. வயது 63 என்பதால் புராஸ்டேட் வீக்கத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

மஞ்சள் பையில் அவர் பத்திரப்படுத்தியிருந்த பரிசோதனைச் சீட்டுகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தேன். சிறுநீரில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில், முதல் இரண்டிலும் ஈ.கோலை என்ற குடல் கிருமி மட்டும், மூன்றாவதில் பல வகைக் கிருமிகள் சேர்ந்து வளர்ந்திருந்தன. மாதிரி பிடித்ததில் அழுக்கு கலந்திருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அப்படி நேர்வதும் உண்டுதான். ஆனால், இவ்வளவு முறை திரும்ப வரும் ஒருவருடைய சிறுநீரில் குடல் கிருமிகள் கலந்து வளர்ந்தால், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வழி ஏதும் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகம் அங்கே யாருக்கும் வராதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர், மலையாளம் கலந்த தமிழில், சிறுநீரோடு காற்று போகிறதா என்று கேட்டார். பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆமா, கடைசில சோடா மாதிரி குமிழ் குமிழா, சத்தத்தோட வரும். சொல்ல வெக்கமா இருந்திச்சு."

பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு, சிறுநீர்ப்பையின் மேலேயே படிந்து கிடக்கிறது. பெண்களுக்கு நடுவே கருப்பை இருக்கிறது. ஆண்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. அங்கே வளரும் புற்றுநோய்க் கட்டி குடல் சுவரைத் தாண்டிச் சிறுநீர்ப்பையில் ஒட்டி, அதையும் துளைத்துவிட்டால், காற்றும் கிருமியும், சில சமயம் மலமும்கூடச் சிறுநீரில் இறங்கும். இப்படித் துளை விழப் பெரும்பாலும் காரணம் குடல் சுவரில் உண்டாகும் சிறு பைகளின் அழற்சிதான். அதற்கு அடுத்தது புற்று. மிக அரிதாகக் குடல்வாலில் வரும் புற்றும் இதையே செய்யும்.

சி.டி. ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் காற்றும், அதை ஒட்டித் தடித்த குடலும் தெரிந்தன. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் எடுத்த சதை புற்று என்று வந்தது. ஒட்டிய இடத்தைப் பிரித்தால் புற்றணுக்கள் சிதறும் என்பதால், குடலின் அந்தத் துண்டையும் சிறுநீர்ப்பையின் மேற்பகுதியையும் சேர்த்தே எடுத்தார்கள்.

தையல் ஆறும்வரை சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்த அன்று, குளியலறையிலிருந்து வெளியே வந்த பெரியப்பா, "சத்தம் இல்ல" என்றார். கீமோ இன்னும் நான்கு தவணை இருக்கிறது.